பூச்சி ஆய்வறிக்கை, பாலி ஹில்

சர்வீஸ் லிஃப்டில் ஏறினோம், நானும் காம்ப்ளேயும்,
முதுகில் மருந்துக் குடம்.
பதினேழாம் மாடி.
வாசலில் காலுக்கு நீல உறை தந்தார்கள்.
நடிகர் விராஜ் சபர்வால் ஷூட்டிங்குக்கு ஜார்ஜியா போயிருக்கிறார்,
வீடு ஆறு நாள் காலி.

வீட்டை வடிவமைத்த தனாஸ் மேடம்
'சுவரைத் தொடாதீர்கள்,
சிப்பி அரைத்துப் பூசிய சுண்ணாம்பு, கையில் ஒட்டும்' என்றார்.
செம்பூரில் என் வீட்டுச் சுவரும் ஒட்டும், மேடம்.
சொல்லவில்லை.

இருபத்திரண்டு வருடமாக
வீடுகளைப் பின்பக்கமாகவே பார்த்து வருகிறேன்.
சோபாவின் அடிவயிறு, ஃபிரிட்ஜின் முதுகு,
தொட்டிக்குக் கீழே வளையும் குழாய்.
முன்னால் நின்று அழகு சொல்லத் தெரியாது எனக்கு.
ஆனாலும் சொல்கிறேன்.

எல்லாம் ஆறிப்போன பால்சோற்றின் நிறம்.
திரை, கம்பளம், நாய்ப் படுக்கை, நாய்.
மேசையில் ஓர் ஆரஞ்சு வைத்தால் வீடு பதறிவிடும்.
கிண்ணத்தில் பழம் இருக்கத்தான் இருந்தது.
தட்டிப் பார்த்தேன். கல்.

அலமாரி எதற்கும் கைப்பிடி இல்லை.
எங்கே அழுத்தினால் எது திறக்கும் என்று
சமையல்காரர் ஜக்தீஷுக்கும் மனப்பாடம் ஆகவில்லை.
கரண்ட் போன இரவில் தீப்பெட்டி தேடுகிறவர்போல
பகல் பதினொரு மணிக்குச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார்,
உப்புக்காக.

நூலகம்.
புத்தகங்கள் எல்லாம் முதுகைச் சுவருக்குக் காட்டாமல்
முகத்தைச் சுவருக்குத் திருப்பி நின்றன.
'தலைப்புகள் கண்ணை உறுத்தும்' என்றார் மேடம்.
கடன் கொடுத்தவன் எதிரே வந்துவிட்டதுபோல
நாலாயிரம் புத்தகம்.
ஒன்றை இழுத்தேன்: நார்வேயின் மீன்வளச் சட்டம், மூன்றாம் தொகுதி.
இராமபாணப் பூச்சிகூட ஒரு பக்கம் அரிக்கவில்லை.
இதைவிடக் கடுமையான விமர்சனம்
நான் எங்கும் படித்ததில்லை.

கூடத்தில் ஒரு செட்டிநாட்டுத் தூண்.
எதையும் தாங்கவில்லை.
உச்சிக்கு மேல் பத்தடி காற்று, அப்புறம்தான் கூரை.
விரலால் தட்டினேன். பொத்தென்றது.
'பழசு அப்படித்தான் ஒலிக்கும்' என்றார்.
கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடியேறும் என்பார்கள்,
இங்கே பாம்பு காசு கொடுத்துக் கட்ட
கரையான் வாடகை இல்லாமல் இருக்கிறது.
நாலு துளை போட்டு மருந்து விட்டோம்.

எறும்பைப் பார்த்தது படுக்கையறையில்.
கட்டிலின் தலைமாட்டிலிருந்து ஒற்றை வரிசை.
முழங்காலிட்டுப் பின்னாலேயே போனேன்,
உடையறை தாண்டி, நூற்றுச் சொச்சம் ஜோடி ஷூ தாண்டி,
மேடம் தந்த வரைபடத்தில் இல்லாத ஒரு கதவு.

துணி துவைக்கும் இடம். நாலடிக்கு ஆறடி.
சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல்.
ஆணியில் நைந்த துண்டு.
கடலைமிட்டாய்க் காகிதம், பாதி குளுக்கோஸ் பிஸ்கட்,
ஜன்னல் விளிம்பில் ஒன்றின்மேல் ஒன்றாக டீ வட்டங்கள்.
இந்திக் குறுக்கெழுத்து ஒன்று
தப்புத் தப்பாக நிரப்பிக் கிடந்தது.
ஜன்னலில் கடல் இல்லை.
அடுத்த கட்டடத்தில் யாரோ வெங்காயம் வதக்கினார்கள்.
ஆடாமலிருக்க ஸ்டூலின் ஒரு காலுக்கடியில்
ஒரு மருந்து அட்டை, நாலாய் மடித்து.
மேடம் மடித்த மடிப்பு இல்லை அது.

காம்ப்ளே குழலை நீட்டினான்.
'இரு' என்றேன்.
எறும்பு ஊரக் கல்லும் தேயும்.
இத்தாலிக் கல்லுக்கு எத்தனை வருடம் ஆகுமோ,
ஆகட்டும்.

படிவத்தில் கரையான், ஆம்.
கரப்பான், இல்லை.
எறும்பு, இல்லை.
கையெழுத்துப் போட்டேன்.
'உள்ளே அந்தச் சந்தில் ஏதாவது?' என்றார் மேடம்.
'ஒன்றுமில்லை.'
'நல்லது. அடுத்த மாதம் அதை இடித்து
வைன் அறை ஆக்குகிறேன்.'

நீல உறைகளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு
குப்பைத்தொட்டியைத் தேடினோம்.
ஜக்தீஷும் கூடவே தேடினார்,
சுவரைத் தடவிக்கொண்டு.